தாடிக்கார ராஜா காசு: சுங்கை சிப்புட் கடை ஒன்றில் வாங்கியது, சந்தேகப்பட்டது, தீர்த்துக்கொண்டது

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுத வேண்டாம் என்று கடைக்கார அண்ணனே கேட்டுக்கொண்டார். அவர் சொன்ன காரணம் எனக்கும் சரியாகப் பட்டது, போகப்போக உங்களுக்கும் புரியும். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பூஜைச் சாமான் கடைகள் நாலைந்து உண்டு, அவற்றில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சாம்பிராணி, குத்துவிளக்கு, மாலை எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால் ஒரு கண்ணாடி அலமாரி, அதில் பழைய காசும் நோட்டும். கைப்பேசிச் செயலியிலும் விற்கிறார். நான் அப்படித்தான் வாங்கினேன். பார்சல் வந்து அனுப்பியவர் முகவரியைப் பார்த்த பிறகுதான், ஆள் நம் ஊர்க்காரர் என்றே தெரிந்தது.

வாங்கியது இரண்டு காசு. இரண்டும் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் முதலியவற்றை வெள்ளைக்காரர்கள் நீரிணைக் குடியேற்றங்கள் என்று சேர்த்து ஆண்ட காலத்து ஒரு டாலர் வெள்ளிக் காசு, ஏழாம் எட்வர்ட் மன்னர் கிரீடமும் தாடியுமாக இருப்பார். அப்பா இதைத் தாடிக்கார ராஜா காசு என்றுதான் சொல்வார். அவருடைய அம்மா, அதாவது என் அப்பாயி, தோட்டத்து லயத்து வீட்டில் டிரங்குப் பெட்டியின் அடியில் மஞ்சள் துணியில் முடிந்து இரண்டு காசு வைத்திருந்தாராம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் பால்மரத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன சமயம் அது. வேலையும் போய், லயத்தையும் காலி செய்யச் சொன்னபோது, ஒரு காசு அரிசியாகவும் இன்னொரு காசு லோரி வாடகையாகவும் போய்விட்டது. அப்பாவுக்கு இந்த வருஷம் 75 வயது. அதற்காகத்தான் தேடினேன்.

1904ஆம் வருடக் காசு 320 வெள்ளி (ரிங்கிட்), 1908ஆம் வருடக் காசு 210 வெள்ளி, தபால் செலவு 8 வெள்ளி. விளம்பரத்தில் முன்பக்கப் படம், பின்பக்கப் படம், அப்புறம் ‘தோட்டத்துக் குடும்பத்தின் பெட்டியிலிருந்து வந்தது, நூற்றுக்கு நூறு அசல்’ என்று ஒரு வரி. எடை போடவில்லை, விளிம்புப் படமும் இல்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தோட்டம் என்ற சொல்லைப் பார்த்ததும் உருகிவிட்டேன்.

பார்சல் கட்டியிருந்த விதம் நன்றாக இருந்தது. ஒவ்வொரு காசும் தனித்தனி அட்டைக்குள், இரண்டும் ஒன்றோடொன்று உரசாதபடி. என்னிடம் நகை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று உண்டு, ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். வைத்துப் பார்த்தேன். 1904 காசு 22.8 கிராம். 1908 காசு 20.05 கிராம். என் கையில் இருந்த பட்டியலில் எட்வர்ட் டாலர் 26.95 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி என்று இருந்தது. இரண்டுமே குறைகிறது! பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா வேறு 1908 காசைக் கையில் எடுத்து, “எங்கம்மாகிட்ட இருந்தது இதைவிடப் பெருசு” என்றார். எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது.

கோபத்தில் தட்டச்சு செய்த முதல் செய்தியில் போலி, ஏமாற்று, போலீஸ் மூன்று சொல்லும் இருந்தன. அனுப்பவில்லை. காரணம் என் பழைய அனுபவம். இரண்டு வருஷத்துக்கு முன் வேறு மாநிலத்தில் ஒருவரிடம் ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு, பத்து டாலர் நோட்டு, வாங்கினேன். அதில் எண்ணே இல்லை, எழுத்து மட்டும் இருந்தது. எண் இல்லாத நோட்டு எப்படி அசலாகும் என்று எடுத்த எடுப்பிலேயே அவரைத் திருடன் என்று எழுதிவிட்டேன். அவர் என்னை முடக்கினார். நான் ஒரு குழுவில் அவர் பெயரைப் போட்டேன், அவர் என் செய்திகளைப் படமெடுத்துப் போட்டார், ஊரே கூடிக் கருத்துச் சொன்னது. பணம் வரவில்லை. பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, ஜப்பானியர் ஆரம்பத்தில் எண்ணோடு அடித்தார்கள், பின்னால் மலாயாவுக்கான நோட்டுகளில் ‘எம்’ என்று தொடங்கும் எழுத்துகளை மட்டும் போட்டு அடித்துத் தள்ளினார்கள் என்று. அந்த நோட்டு அசலா போலியா என்று இன்றைக்கு வரை நான் யாரிடமும் காட்டவில்லை. அத்தனை சண்டையிலும் அந்த ஒரு கேள்வியை மட்டும் நாங்கள் இருவரும் பேசவே இல்லை.

அதனால் இந்த முறை ஒரு இரவு தூங்கி எழுந்து இப்படி எழுதினேன். “அண்ணே வணக்கம். காசு இரண்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஒரு சந்தேகம். என் தராசில் 1904 காசு 22.8 கிராமும் 1908 காசு 20.05 கிராமும் காட்டுகிறது. என்னிடம் உள்ள பட்டியலில் 26.95 என்று இருக்கிறது. தராசில் வைத்து எடுத்த படமும் விளிம்புப் படமும் அனுப்பியிருக்கிறேன். என் தராசு தப்பா, பட்டியல் தப்பா, காசில் கோளாறா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை ‘பொருள் கிடைத்தது’ பொத்தானை அழுத்தாமல் வைத்திருக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.”

பொத்தான் விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னது வேண்டுமென்றேதான். அதை அழுத்தும் வரை பணம் செயலிக்காரர்களிடம்தான் இருக்கும், விற்றவர் கைக்குப் போகாது. சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துவைத்தால் அவர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நான்தான் ஏமாற்றுகிற ஆளாகத் தெரிவேன். காசை மாற்றிவைத்துவிட்டுத் திருப்பி அனுப்புகிற வாங்குபவர்களும் இருக்கிறார்களே, விற்பவருக்கும் பயம் இருக்கும். காசு தப்பு என்று சொல்வது வேறு, நீ தப்பானவன் என்று சொல்வது வேறு. முதலாவதை எடையும் படமும் வைத்துப் பேசலாம். இரண்டாவதைச் சொல்லிவிட்டால் அப்புறம் காசைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

பதில் மறுநாள் இரவுதான் வந்தது. அந்த ஒன்றரை நாள் தாமதம் எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ‘பார்த்தேன், விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். ஆனால் வந்த பதில் நல்ல பதில். “தங்கச்சி, 1908 காசு எடை சரிதான். 1907லிருந்து காசைச் சின்னதாக்கிட்டாங்க, 20.21 கிராம்தான் இருக்கணும், தேய்மானம் போக உங்களோடது சரி. 1904 காசை நான் நிறுக்காமலே போட்டுட்டேன், அது என் தப்பு. ஆனா அந்தக் குடும்பத்தை எனக்கு ரொம்ப வருஷமா தெரியும், அவங்க பொய் சொல்ற ஆளுங்க இல்லை. சனிக்கிழமை கடைக்கு வாங்க, ரெண்டு பேருக்கும் பொதுவான ஆள்கிட்ட காட்டுவோம். பணம் அதுவரைக்கும் அங்கேயே இருக்கட்டும். எதுவும் சரிவரலைன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போறதுக்கும் உங்களுக்கு உரிமை இருக்கு.”

விற்றவரே தீர்ப்பாயத்துக்கு வழி சொல்லி நான் பார்த்ததில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1999ஆம் வருட பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஆனால் வியாபாரியிடம் வாங்கியதற்குத்தான் அது. பக்கத்து வீட்டுக்காரர் தன் பெட்டியில் கிடந்த காசை உங்களுக்கு விற்றால் அங்கே போக முடியாது.

1908 காசைப் பற்றி அவர் சொன்னதைப் பிறகு தேடிப் படித்தேன். 1903இல் இந்த டாலரை முதலில் வெளியிட்டபோது 26.95 கிராம். அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறியது, 1906இல் டாலரின் மதிப்பை இரண்டு ஷில்லிங் நாலு பென்ஸ் என்று கட்டிவைத்தார்கள். அப்போது காசின் முகமதிப்பைவிட அதிலுள்ள வெள்ளிக்கு அதிக விலை கிடைக்கும் நிலை வந்தது. விட்டால் எல்லாவற்றையும் உருக்கிவிடுவார்கள் என்று பெரிய காசைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 1907இல் எடையையும் அகலத்தையும் குறைத்துப் புதிதாக அடித்தார்கள். 1919இல் ஜார்ஜ் மன்னர் காசு வந்தபோது இன்னும் குறைத்து 16.85 கிராம், வெள்ளியும் பாதிக்குப் பாதிதான். என் பட்டியல் 1903, 1904 இரண்டு வருஷத்துக்கு மட்டுமே பொருந்தும், நான் எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்த்திருக்கிறேன். முதலில் தட்டச்சு செய்ததை அனுப்பியிருந்தால் ஒரு அசல் காசைப் போலி என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சனிக்கிழமை போனேன். அண்ணன் முதலில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கிக் கொடுத்தார், உட்காரவைத்தார், பிறகுதான் காசை எடுத்தார். கடை வரிசையிலேயே நகைவேலை செய்யும் வயதான பத்தர் ஒருவரிடம் போனோம். இரண்டு பேருக்கும் அவரைத் தெரியும், அம்மாவின் தாலிக்கொடியை மாற்றிக் கட்டியவர் அவர்தான். உரைகல்லை எடுப்பார் என்று நினைத்தேன். “உரைச்சா காசு மேல கோடு விழும், அப்புறம் வாங்கறவன் வாங்க மாட்டான்” என்று தள்ளிவைத்துவிட்டார்.

அண்ணன் காந்தத்தை வைத்துக் காட்டினார், இரண்டு காசும் ஒட்டவில்லை. பத்தர் சிரிக்காமல் சொன்னார், “பித்தளையும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது. ஒட்டினா போலின்னு சொல்லலாம், ஒட்டலைன்னா ஒண்ணும் சொல்ல முடியாது.” அடுத்து விளிம்பு. இந்த இடத்தில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லுக்கே பல் பல்லாக இருப்பது என்றுதான் பொருள், ஸ்பெயின்காரர்களின் பழைய வெள்ளி டாலர் விளிம்பைப் பார்த்து வந்த பெயர். நாம் தமிழில் அதையே வெள்ளி என்கிறோம், பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று கடையில் கேட்கும்போது யாரும் உலோகத்தை நினைப்பதில்லை. பழைய காசைச் சோதிக்கும்போது பார்க்க வேண்டியதும் இந்த இரண்டுதான், பல்லும் வெள்ளியும். 1908 காசின் பல் சீராக, ஒரே ஆழத்தில் ஓடியது. 1904 காசில் ஓரிடத்தில் பல் மழுங்கி, நடுவே மெல்லிய கோடு, அதை அரத்தால் தேய்த்த தடம். அச்சில் அடித்த காசில் அப்படி வராது, இரண்டு பாதி வார்ப்பில் ஊற்றியதில்தான் வரும் என்றார் பத்தர்.

பிறகு தண்ணீர். இதை வீட்டிலேயே செய்யலாம், காசுக்கு ஒரு கீறல் விழாது. தராசின் மேல் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்கிக்கொள்ள வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுக்க வேண்டும், அவ்வளவுதான். தொண்ணூறு பங்கு வெள்ளிக்கு 10.3 அளவில் வர வேண்டும். 1908 காசுக்குத் தராசு 1.95 காட்டியது, 20.05ஐ வகுத்தால் 10.28. அசல். 1904 காசுக்கு 2.65 காட்டியது, 22.8ஐ வகுத்தால் 8.6. பித்தளைக்கு அப்படித்தான் வரும். மேலே வெள்ளி முலாம்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. “அந்தப் பாட்டி பொத்திப் பொத்தி வச்சிருந்தாங்கம்மா” என்றார். “அவங்களுக்கே யாராவது கொடுத்திருப்பாங்க அண்ணே, அவங்க என்ன தராசா வச்சிருந்தாங்க” என்றேன். சமாதானத்துக்காகச் சொன்னதில்லை. வெள்ளிக் காசு புழங்கிய காலத்திலேயே கள்ளக் காசும் புழங்கியது, இப்போதும் சுற்றுப்பயணிகளுக்கு விற்கிற நகல்கள் சந்தையில் கொட்டிக் கிடக்கின்றன. இது எந்தக் காலத்துச் சரக்கு என்று பத்தர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நல்ல குடும்பம் வைத்திருந்தது என்பதால் காசு நல்ல காசு ஆகிவிடாது, காசு கெட்டது என்பதால் அந்தக் குடும்பம் கெட்டதாகவும் ஆகிவிடாது. விற்கிறவர்கள் ‘தோட்டத்துப் பெட்டி’ என்ற வரியை அத்தாட்சி போல எழுதுவதை நிறுத்த வேண்டும், அண்ணனிடம் நேராகவே சொன்னேன்.

பணம் திருப்பும் இடத்தில் இன்னொன்று நடந்தது. செயலியில் காரணம் கேட்கும். ‘போலிப் பொருள்’ என்று ஒன்று இருக்கிறது, ‘விவரத்துக்கு ஒத்துவரவில்லை’ என்று ஒன்று இருக்கிறது. முதலாவதைப் போட்டால் அவர் கடைக்குக் கரும்புள்ளி விழுமே என்று எதைப் போடட்டும் என்று அவரிடமே கேட்டேன். “போலின்னே போடுங்க, அதுதானே உண்மை. நான் நிறுக்காம வித்ததுக்கு அது இருக்கட்டும்” என்றார். அப்படியே போட்டேன். கீழே குறிப்பில், விற்றவர் தெரியாமல் விற்றார், நேரில் வரவழைத்துச் சோதித்து உடனே ஒப்புக்கொண்டார் என்றும் எழுதினேன். 320 வெள்ளி நாலாம் நாள் திரும்பி வந்தது. தபால் செலவு 8 வெள்ளியைக் கடையிலேயே கையில் கொடுத்துவிட்டார். 1908 காசுக்கு உடனே பொத்தானை அழுத்தி, அந்தக் காசுக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன்.

சிலர் கேட்கலாம், அமெரிக்காவின் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. மாதிரி நிறுவனங்கள் சோதித்துப் பெட்டியில் அடைத்த காசையே வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று. விலை அதிகமான காசுக்கு அது நல்லதுதான். முந்நூறு வெள்ளிக் காசுக்கு அனுப்பிச் சோதிக்கும் செலவு கட்டுபடியாகாது. அந்தப் பெட்டியையே போலியாகச் செய்கிறவர்களும் உண்டு, பெட்டியில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டுப் படத்தோடு ஒத்துப்பார்க்காமல் வாங்கக் கூடாது.

கடைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது எடை போடாத விளம்பரத்துக்கும், தாமதமான பதிலுக்கும், ‘நூற்றுக்கு நூறு அசல்’ என்ற வார்த்தைக்கும். போன வாரம் பார்த்தேன், அந்த வார்த்தையை எல்லா விளம்பரத்திலிருந்தும் எடுத்திருக்கிறார். இப்போது ஒவ்வொரு காசுக்கும் எடை, அகலம், விளிம்புப் படம் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் பத்தரிடம் சேர்ந்து போகலாம் என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறார். விலையில் பேரம் பேச மாட்டார், அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மாலை ஆறரைக்கு மேல் போனால் கடை இருக்காது.

பெயர் எழுத வேண்டாம் என்ற காரணத்துக்கு வருகிறேன். 1904 காசை அண்ணன் அந்தக் குடும்பத்திடமே கொண்டுபோய்க் கொடுத்தார். பாட்டி இருக்கும்போது பேசாமல் மகனைத் தனியாக வெளியே கூப்பிட்டுத் தண்ணீர்க் கணக்கைச் சொல்லியிருக்கிறார். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. மகன் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்றதற்கு, அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டாராம். காசு இப்போது திரும்பவும் பாட்டியின் பெட்டியில் இருக்கிறது. கடைப் பெயர் தெரிந்தால் காசு யாருடையது என்று சின்ன ஊரில் ஒரே நாளில் தெரிந்துவிடும், கிழவி கள்ளக் காசு வைத்திருந்தாள் என்று யாராவது கோயிலில் வைத்துக் கேட்டுவிடுவார்கள். அதற்காகத்தான்.

1908 காசை அப்பாவிடம் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டே திரிகிறார், வேண்டாம் தேயும் என்றாலும் கேட்பதில்லை. இன்றைக்கும் ‘சின்னது’ என்றுதான் சொல்கிறார். 1907இல் காசைக் குறைத்த கதையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ எங்கம்மாகிட்ட இருந்தது அதுக்கு முந்தினது” என்று அவரே கணக்குப் போட்டுவிட்டார். அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், 1903 அல்லது 1904, 26 கிராமுக்குக் குறையாமல் வந்தால் எனக்கு முதலில் என்று.